பாக்கி வைத்த பாட்டு

கழுத்தில் கட்டி வந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். ஒருத்தி எங்கள் சபைக்காரி, இன்னொருத்தி பனியன் கம்பெனியில் என்னோடு உட்கார்ந்து பீஸ் மடிக்கிறவள். வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து கதை சொல்ல என் தொண்டை இடம் கொடுக்காது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். தைரியம் சொல்வதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டதைப் பட்டபடி எழுதுகிறேன், தைரியம் வந்தால் வரட்டும்.

என் பெயர் சலோமி. திருப்பூர் வேலம்பாளையத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஞானமுத்து நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். எங்கள் கோயில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். ஆர்மோனியம் வாங்கப் போகிறோம் என்ற பேச்சு மட்டும் வருஷா வருஷம் நடக்கும். அதனால் யாராவது ஒருவர் பாட்டெடுத்தாக வேண்டும். முதல் அடியைத் தனியாகப் பாடிச் சுருதி பிடித்துக் கொடுத்தால்தான் சபை சேர்ந்து பாடும். எனக்குப் பதினெட்டு வயதானதிலிருந்து அந்த ஒருவர் நான்தான். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் என் குரல்மேல் எனக்குக் கர்வம் உண்டு.

எங்கள் சபையின் வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நோயோ விபத்தோ பிரசவமோ, எதிலிருந்து தப்பி வந்தாலும், தப்பியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று ஸ்தோத்திரப் பாட்டு எடுக்க வேண்டும். அந்த ஒரு பாட்டை மட்டும் நான்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. முதல் அடி முடிகிற வரைக்கும் வேறு யாரும் வாய் திறக்கவும் கூடாது. நன்றி சொல்ல வேண்டியவர்தானே முதலில் சொல்ல வேண்டும் என்பது சபையை நடத்துகிற எங்கள் உபதேசியாரின் நியாயம். பிள்ளை பெற்றுவந்த பெண்கள் கூச்சத்தில் முனகுவார்கள், நாங்கள் பொறுமையாகக் காத்திருப்போம். எனக்கு அதெல்லாம் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

கிறிஸ்மஸ் பஜனைக்குப் பழகிக்கொண்டிருந்தபோது நீட்டிப் பாட வேண்டிய ஓரிடத்தில் யாரோ உள்ளேயிருந்து தொண்டையைப் பிடித்ததுபோல இருந்தது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் குடித்தேன். நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்தான், விழுங்கும்போது என் கழுத்தில் ஏதோ மேலே ஏறி இறங்குகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன், நெல்லிக்காய் அளவு. அது வெகுநாளாக அங்கே இருந்திருக்க வேண்டும், நான்தான் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. தலையணையை உயர்த்தி, பிறகு சுவரில் சாய்ந்து, பாதி உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே அறுவை செய்கிற டாக்டரம்மா தெற்கத்திக்காரர், சிரிக்கத் தெரியாதவர். கழுத்தை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தைராய்டு என்றார். குரல்வளைக்குக் கீழே எல்லாருக்கும் அப்படி ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை அதுதான் பார்த்துக்கொள்கிறதாம். எனக்கு அது ஒரு பக்கம் வீங்கி மூச்சுக்குழாயை நெருக்குகிறது. இதைத்தான் நம் பக்கத்தில் கழலை என்கிறோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நேராக இறங்க வேண்டிய மூச்சுக்குழாய் வளைந்து போயிருந்தது எனக்கே தெரிந்தது.

கிறிஸ்மஸ் முடியட்டும், பாட்டெடுக்க வேறு ஆளில்லை என்று கெஞ்சினேன். மூச்சுக்குழாய்க்குக் கிறிஸ்மஸ் தெரியாது என்றார். அதற்குப் பிறகு குரலைப் பற்றிச் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதாம், நூல் கனம்தான் இருக்குமாம்.

“அதுல கை படாம எடுக்கத்தான் பாப்பேன். பட்டுதுன்னா குரல் போகும். பொய் சொல்லி உன்னைப் படுக்க வைக்க மாட்டேன்,” என்றார்.

வெளியே வந்ததும், எனக்கு அறுவை வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அங்கே நின்று, நேற்று ராத்திரி நீ மூச்சு விட்ட சத்தத்தை நீ கேட்கவில்லை, நான் கேட்டேன் என்று மட்டும் சொன்னார். திரும்பிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். பணத்துக்குக் கம்பெனி முதலாளி கை கொடுத்தார், ஆஸ்பத்திரியிலும் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் கவலையை வீட்டுக்காரர் என்னிடம் கொண்டுவரவே இல்லை.

அறுவைக்கு முன்னால் சோதனைகள். அதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் அதற்கு நான் வீணாகப் பயந்தேன். மூக்கைக் கிளிப்பால் அடைத்துவிட்டு, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, ஒரு பீப்பாய்க்குள் மூச்சு விடச் சொல்வார்கள். சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு காற்றைச் செலவழிக்கிறது என்று அது கோடு போட்டுக் காட்டும். வலி கிடையாது, மூச்சு முட்டுவதுபோலத் தோன்றும், முட்டாது. இன்னொன்று கண்ணாடி. நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு, சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டித் தொண்டைக்குள் விட்டு, ‘ஈ’ சொல்லச் சொல்வார்கள். குமட்டிக்கொண்டு வரும். குரல்வளைக்குள் இருக்கிற இரண்டு மடிப்பும் நன்றாக அசைகின்றன, இப்போதைக்குப் பழுதில்லை என்றார்கள். அந்த ‘இப்போதைக்கு’ என் காதிலேயே நின்றது. தினமும் பாலில் சில சொட்டு அயோடின் மருந்து கலந்து கொடுத்தார்கள், துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். சுரப்பியில் இரத்த ஓட்டம் குறைந்தால் அறுப்பது சுலபமாம்.

துணைக்கு என் நாத்தனார் ரூத்து வந்தாள். அவரின் தங்கை, மடத்துக்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள், எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தன் குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள், ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அறுவையன்று காலையில் என் தலையை இரண்டு பின்னலாகப் பின்னி உச்சியில் கட்டி விட்டாள். சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள்.

முழு மயக்கம் கொடுக்கப் போவதில்லை என்று மேசையில் படுத்த பிறகுதான் தெரிந்தது. கழுத்தை மட்டும் ஊசி போட்டு மரக்க வைப்பார்கள், நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் மாறினால் நரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் துணியால் மறைப்புக் கட்டினார்கள். வலி இல்லை. ஆனால் இழுப்பதும் அமுக்குவதும் தெரிந்தது, கத்தரிக்கோல் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. பயத்தில் எனக்கு வேறொன்றும் வரவில்லை, பாட ஆரம்பித்துவிட்டேன். துணிக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டல் வந்தது.

“பாடாத. பாடினா குரல்வளை மேலயும் கீழயும் ஓடுது, நான் எங்க வெட்டுறது? பேசு. என்ன வேலை செய்யுற, அதைச் சொல்லு.”

சொன்னேன். நூல் வருவதைச் சொன்னேன். மெஷினில் ஊசிகள் வட்டமாக நிற்பதையும், துணி குழாய்போலக் கீழே இறங்குவதையும், ஊசி ஒன்று ஒடிந்தால் துணி நெடுகக் கோடு விழுவதையும் சொன்னேன். நான் நிறுத்தும்போதெல்லாம் அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே வேலை செய்தார். மெஷினிலிருந்து வந்த துணி பழுப்பாக இருக்கும், அதை வெளுக்கப் போடுவார்கள், வெளுத்ததை நொய்யல் கரையில் காயப்போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ‘காய’ என்றது வரைக்கும் சத்தம் வந்தது. மீதி வெறும் காற்றாக வந்தது.

அறையில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எதையோ எடு என்று டாக்டரம்மா யாருக்கோ மெதுவாகச் சொன்னார். ஏதோ ஓர் இரும்பு தட்டில் விழுந்தது. என் கையைப் பிடித்திருந்த நர்சம்மா இறுக்கிப் பிடித்தார்.

“சலோமி, காஞ்ச துணிய என்ன செய்வாங்க?”

வாயை அசைத்தேன். ஒன்றும் வரவில்லை. இனி உயிர் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். பெரிய பாவம்தான், ஆனால் நினைத்தேன். டாக்டரம்மா மறுபடி கேட்டார். கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. மூன்றாம் தடவை அவர் கேட்டபோது, வெட்டுவாங்க என்று ஒரு கரகரப்பு வந்தது. அது என் சத்தம்தானா என்று எனக்கே தெரியவில்லை. போதும், இனிப் பேச வேண்டாம் என்றார். மீதி வேலையைப் பேச்சில்லாமல் முடித்தார்கள்.

வார்டில் என் தலைமாட்டில் துணி போட்டு மூடிய தட்டு ஒன்றை வைத்தார்கள். அது எதற்கு என்று ரூத்து கேட்டாள். உள்ளே இரத்தம் கசிந்தால் கழுத்து வீங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும், டாக்டரைக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது, இங்கேயே தையலைப் பிரித்துவிடக் கத்தியும் கத்தரியும் இதில் இருக்கின்றன என்று நர்சம்மா சொன்னார். கேட்காமலே இருந்திருக்கலாம். அதிலிருந்து அவள் சோறு தின்றாளோ தூங்கினாளோ, எனக்குத் தெரிந்து என் கழுத்தையும் அந்தத் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மறுநாள் விரல்நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, உதடு மரத்தது. சுரப்பியை ஒட்டி இருக்கும் மணிபோன்ற சின்னச் சுரப்பிகள் அதிர்ந்து போனால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடுமாம். கை நரம்பில் ஊசி போட்டார்கள், உடம்பு முழுக்கச் சூடு பரவியது, ஊர்வது நின்றது. இப்படி யாருக்காவது வந்தால் பயப்படாமல் உடனே நர்சிடம் சொல்லுங்கள்.

தையலுக்குக் கீழே வலித்தது, அதைப் பொறுத்துக்கொண்டேன். குரல்தான் வரவில்லை. பேசினால் ஊதின மாதிரி இருந்தது. நரம்பு அதிர்ந்திருக்கிறது, அறுபடவில்லை, வீக்கம் வடிந்தால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. எடுத்த கட்டி கெட்ட கட்டியா, சாதாரணக் கட்டியா என்று பார்க்க வெளியூர் அனுப்பியிருந்தார்கள். அதற்கும் பதில் வரவில்லை. ஒன்றுக்கு இரண்டாகக் காத்திருந்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் ஒரு தூக்குப்போசியோடு வந்தார். திறந்தால் சர்க்கரைப் பொங்கல். இது ஏது என்று ஊதினேன்.

“ஸ்தோத்திரப் பொங்கலு. கோயில்ல உனக்காக வெச்சாங்க,” என்றார்.

நடந்தது இதுதான். அறுவை முடிந்து ஊருக்குப் போனவர், உபதேசியாரைப் பார்த்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தில் சொன்னது. உபதேசியாருக்கு ஸ்தோத்திரம் என்றால் ஒருநாள் தாமதிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையே நன்றி ஆராதனை அறிவித்து, ஜெபித்து, காணிக்கை படைத்து, பொங்கல் வைத்துச் சாப்பிட்டும் முடித்துவிட்டார்கள். நான் இங்கே தலைமாட்டில் கத்தியும், வாயில் காற்றும், கெட்ட கட்டியோ நல்ல கட்டியோ என்ற சந்தேகமுமாகக் கிடக்கிறேன். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்த கதை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்தியிருப்பேன், கத்தவும் குரல் இல்லை. குரல் போனதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“அதை அவிங்க கேக்கல, நானுஞ் சொல்லல. உசுரோட இருக்கறயேங்கற சந்தோசத்துல எனக்கு வேறொண்ணும் தோணுல, சலோமி.”

பாட்டு யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் போசியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை, நீ வந்துதானே எடுக்க வேண்டும், பாட்டை மட்டும் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். பொங்கலை ரூத்துதான் தின்றாள். திருப்பூர்ப் பொங்கலில் நெய் குறைவு என்று குறையும் சொன்னாள்.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று பதில் வந்தது. அவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகையும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் முன்பு டாக்டரம்மா மறுபடி கண்ணாடி விட்டுப் பார்த்தார். கதவுக்கு இரண்டு பலகை என்றால் ஒன்று அசையவில்லை, இடுக்கு வழியாகக் காற்று ஒழுகுகிறது, அதனால்தான் ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை என்றார். சொல்லிவிட்டுத் தலை குனிந்து கண்ணாடியைத் துடைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவரைச் சொன்னேன். மூச்சைக் கொடுத்தீர் சரி, அதற்குக் கூலியாகக் குரலை ஏன் எடுத்தீர் என்று தினமும் சண்டை பிடித்தேன்.

கிறிஸ்மஸ் வந்தது. பஜனைக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று பாடினார்கள். சுருதி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போனது. நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன், வெளியே வரவில்லை. தெருவில் பார்த்த சபைக்காரர்கள் எப்ப வர்றீங்க என்று அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கோ கடன்காரன் கேட்பதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் தலைவலி, காய்ச்சல், எதையாவது சொல்லிப் படுத்துக்கொண்டேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இல்லாததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குத் துணையாகத் தங்கியிருந்த ரூத்து ஒரு சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஒருநாள் இருந்து கோயிலுக்குப் போய்விட்டுப் போ என்று அவர் சொன்னார். நான் வரவில்லை என்றேன். அதுவரைக்கும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், கையிலிருந்த சேலையைக் கட்டிலில் போட்டாள்.

“உங்களுக்குக் குரலு போனது மட்டுந்தான் தெரியுது நங்கையா. அந்தத் தட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தவ நானு. அதைத் தொறக்காமயே எடுத்துட்டுப் போனாங்க. அதுக்கு ஆரு ஸ்தோத்திரஞ் சொல்றது? நாஞ் சொன்னாச் செல்லாதாமா, நீங்கதான் சொல்லோணுமாமா.”

அவள் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு விட்டவளில்லை. மறுநாள் காலையில் எழுந்து வெள்ளைச் சேலை கட்டினேன்.

உபதேசியார் வழக்கம்போல என் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எழுந்து நின்றேன். பாட்டு உபதேசியாரே கட்டியதுதான், எங்கள் சபைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ‘மூச்சுத் தந்த தேவனே, முழுமனதாய் நன்றி’ என்று முதல் அடி. பிள்ளைகள்கூட ஒரே மூச்சில் பாடிவிடுகிற அடி. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. கோயிலே காத்திருந்தது. நான் வேடிக்கை பார்த்த அத்தனை பெண்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் என்னை வேடிக்கை பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி எடுத்தேன். என் பழைய சுருதியை விட்டுவிட்டு, எங்கே சத்தம் கிடைக்கிறதோ அங்கே எடுத்தேன். ஆண்குரல்போல அடியில், கரகரவென்று ஒன்று கிடைத்தது. ‘மூச்சுத் தந்த தேவனே’ வரைக்கும் வந்தேன். அதோடு காற்று முழுக்க ஒழுகிவிட்டது. முதல் அடி பாதியில் நின்றது. அது முடியாமல் யாரும் சேரவும் முடியாது, நான் உட்காரவும் முடியாது. முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ‘முழுமனதாய் நன்றி’ என்று ஒரு சத்தம் வந்தது. பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. மெஷின் ஓடும்போது இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். கல்யாணமானதிலிருந்து அவர் கோயிலில் வாயை மட்டும் அசைப்பார், ஒரு நாளும் சத்தமாகப் பாடியதில்லை. சுருதி அவருக்குக் கிடையாது, அது அவருக்கே தெரியும். ஒரு காய்ச்சல்கூட வராத மனிதர் என்பதால் பாட்டெடுக்க வேண்டிய வேளையும் அவருக்கு வந்ததில்லை. காது வரைக்கும் சிவந்துபோய், உபதேசியாரைப் பார்த்தபடி நின்றார். உபதேசியார் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு அந்த மோசமான சுருதியிலேயே அடுத்த அடியை ஆரம்பித்தார். முதலில் ரூத்து சேர்ந்தாள், அப்புறம் எல்லாரும். நான் எனக்கு மூச்சு இருந்த இடத்தில் பாடினேன், இல்லாத இடத்தில் விட்டுவிட்டேன். விட்ட இடமெல்லாம் அவர் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தோடு என் நல்ல குரல் இருந்த காலத்தில் ஒருநாளும் நான் பாடியதில்லை.

வீடு திரும்பும்போது பாதித் தெரு வரைக்கும் அவர் எனக்கு முன்னால் நடந்தார். அப்புறம் எங்கோ பார்த்துக்கொண்டு, பாட்டு சரியாக இருந்ததா என்று கேட்டார்.

“இல்லீங்க, நெம்பத் தப்பா இருந்துதுங்க,” என்றேன். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னேன். “அடுத்த வாரமும் பாடுங்க.”